பாயிண்ட் இயக்கமைப்பு (மாதிரி ரயில்)

ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்டையும் அதை நகர்த்தும் கருவிகளையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பொருந்த மாதிரியில் அமைத்தல். பிரிட்டிஷ் பாதைகளுக்கு 1889 முக்கியமான எல்லை. அவ்வாண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், பயணிகள் பாதைகளில் பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைப்பதைக் கட்டாயமாக்க வழிசெய்தது.

அதற்குப் பிந்தைய நிலையமென்றால், பயணிகள் வண்டி எதிர்கொண்டு வரும் பாயிண்டில் பூட்டைக் காட்டியே ஆக வேண்டும். தண்டவாளத்தின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் நீண்ட பூட்டுப்பட்டைதான் இதில் அழகு. பூட்டைத் திறக்க அது மேலெழ வேண்டும். மேலே சக்கரம் இருந்தால் எழாது. ஆகவே ஓடும் வண்டிக்கு அடியில் பாயிண்டை மாற்ற முடியாது. பாயிண்டை நகர்த்தச் சிக்னல் கேபினிலிருந்து வரும் ஒன்றேகால் அங்குல உருண்டைக் கம்பி, 1:76.2 அளவில் ஏறத்தாழ 0.42 மி.மீ.; 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி சரியாகப் பொருந்தும். சரக்கு யார்டில் பாயிண்டின் பக்கத்திலேயே ஒரு கை லீவர் போதும்.