இயேசுவின் மூதாதையர் பட்டியல்

இயேசுவின் மூதாதையர் பட்டியல் புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் உள்ளது. மத்தேயு (1:1–17) ஆபிரகாமில் தொடங்கி இயேசுவரை இறங்கி வருகிறார். லூக்கா (3:23–38) இயேசுவிலிருந்து ஆதாம்வரை, கடவுள்வரை ஏறிச் செல்கிறார். இரண்டும் பல இடங்களில் முரண்படுகின்றன. அந்த முரண்களே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபையின் விளக்கங்களை வளர்த்துவந்தன.

இத்தகைய பட்டியல்களுக்குப் பழைய ஏற்பாடே முன்மாதிரி. குறிப்பேடு முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்கள் பெரும்பாலும் பெயர்களே. பாபிலோனிலிருந்து திரும்பியோரில் தங்கள் வம்சப் பதிவைக் காட்ட இயலாத குருக்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டதாக எஸ்ரா நூல் கூறுகிறது.

மத்தேயு தம் பட்டியலை 14 தலைமுறைகள் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார். எபிரேயத்தில் தாவீது என்ற பெயரின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 14 வரும் என்பதைப் பலர் இதற்குக் காரணமாகக் காட்டுவர். கணக்குச் சரியாக வருவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே மூன்று அரசர்கள் விடப்பட்டுள்ளனர். அப்படியும் கடைசிப் பகுதியில் புதிய பெயர்கள் 13தான். அரசு ஆவணமாக எண்ணி வாசிப்பவரை இது ஏமாற்றும். தாவீதுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி இயேசுவில் நிறைவேறியது என்பதே ஆசிரியரின் கருத்து.

தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரும் இப்பட்டியலில் இடம்பெற்றது நெடுங்கால விவாதப் பொருள். பாவிகளை மீட்க வந்தவர் பாவிகளின் வழியில் பிறந்தார் என்றார் புனித எரோணிமுசு. ரூத்துக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. நால்வரும் பிற இனத்தோடு தொடர்புடையவர்கள் என்பது பின்னாளில் வலுப்பெற்ற கருத்து. கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரவுன் 1977இல் வெளியிட்ட நூலில், வழக்கத்துக்கு மாறான உறவுகளின் வழியாகவே கடவுளின் திட்டம் முன்னேறியதையும், அது மரியாவுக்கு முன்னறிகுறியானதையும் வலியுறுத்தினார். 'இன்னார் இன்னாரைப் பெற்றார்' என்று தொடரும் நடை மரியாவின் கணவர் யோசேப்பிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. இயேசு மரியாவிடம் பிறந்தார் என்றே சொல்லப்படுகிறது. தாவீதின் வாரிசுரிமை யோசேப்பு வழியாகச் சட்டப்படி வருகிறது.

யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. 3ஆம் நூற்றாண்டில் யூலியு ஆப்பிரிக்கானு இதற்கு விடை தந்தார்: இருவரும் ஒரே தாயின் மக்கள், ஏலி பிள்ளையின்றி இறக்கவே, யூத வழக்கப்படி யாக்கோபு அவர் மனைவியை மணந்து யோசேப்பைப் பெற்றார். யூசேபியுவின் திருச்சபை வரலாறு இதைப் பாதுகாத்துள்ளது. லூக்காவின் பட்டியல் மரியாவுடையது என்ற கருத்தை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வித்தெர்போ நகர அன்னியு பரப்பினார். லூக்கா யோசேப்பையே பெயர் சொல்லிக் குறிப்பதால் இது வலுவற்றது. புனித அகுஸ்தினார் பட்டியல்களின் திசையையே பொருளாகக் கொண்டார்: மத்தேயுவின் இறங்குவரிசை நம் பாவங்களைக் கிறிஸ்து சுமப்பதையும், இயேசுவின் திருமுழுக்கை அடுத்து வரும் லூக்காவின் ஏறுவரிசை பாவம் நீங்குவதையும் காட்டுகின்றன என்றார்.

ஓவியர்களும் இப்பொருளை விடவில்லை. பாரிசுக்கு அருகிலுள்ள சேன் தெனி ஆலயத்தில் 1140களில் ஈசாய் மரம், அதாவது தாவீதின் தந்தை ஈசாயிலிருந்து கிளைக்கும் மூதாதையர் மரம், கண்ணாடிச் சாளரமானது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மிக்கேலாஞ்சலோ மத்தேயுவின் பட்டியலிலுள்ள மூதாதையரைத் தீட்டினார்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இல் இலக்கிய வகைகளை ஆராயுமாறு விவிலிய அறிஞர்களை ஊக்குவித்த பின், பட்டியல்களை இறையியல் எழுத்தாக வாசிப்பது கத்தோலிக்கரிடையே பரவலாயிற்று.

மத்தேயுவின் பட்டியல் டிசம்பர் 17 அன்றும் கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலியிலும் வாசிக்கப்படுகிறது. திருவிழிப்பில் அதைத் தவிர்த்து 18ஆம் வசனத்திலிருந்து தொடங்கலாம். டிசம்பர் 17இல் அந்தச் சலுகை இல்லை.