பிக்கப் வண்டியின் மேல்கேரியர்

பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கேபினுக்கு மேலோ, பின்னாலுள்ள சுமைத்தொட்டிக்கு மேலோ பொருத்தப்படும் இரும்புச் சட்டம் மேல்கேரியர் எனப்படுகிறது. ஏணி, குழாய், சாரக்கட்டு மூங்கில் என்று தொட்டிக்குள் அடங்காத நீளச் சாமான்களை ஏற்றுவதற்கு இது பயன்படுகிறது.

கொங்கு வட்டாரத்தில்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியைச் சுற்றி மஞ்சள், வாழை, கரும்பு, தென்னை விளைகின்றன. லாரி வைத்தால் கட்டுபடியாகாத சிறு சுமைகளை இங்கே பிக்கப்களே சுமக்கின்றன. 2005இல் வந்த டாடா ஏஸுக்கு மக்கள் 'குட்டியானை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் ஊருக்கு ஊர் ஓடுகிறது.

மஞ்சள் மூட்டையும் வாழைத்தாரும் தொட்டியிலேயே அடங்கிவிடும். பாசனக் குழாய்தான் அடங்காது. பி.வி.சி. குழாய் பொதுவாக 20 அடி நீளம். இவ்வண்டிகளின் தொட்டியோ 7 முதல் 9 அடிதான். பக்கத்திலுள்ள கரூர் பேருந்துக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். லாரிக்கு நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் என்பதால், இங்கே கேரியரை அளவு சொல்லிச் செய்துகொள்வது எளிது.

எங்கே பொருத்துவது

கேபினும் தொட்டியும் ஒரே உடல் அல்ல. பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் இரண்டும் ஒரே சேஸிஸின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ்கள் உண்டு. வாய்க்கால் மேட்டில் ஒரு சக்கரம் ஏறும்போது சேஸிஸ் சற்று முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு பக்கமும் தொட்டி இன்னொரு பக்கமும் சாயும். ஒரே சட்டத்தை இரண்டிலும் போல்ட் போட்டு முடுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் கேரியரின் மேல் விழுகிறது. வெல்டிங் விரிசல் விடும், அல்லது கேபின் கூரைத் தகடு கிழியும்.

அதனால் சுமை தாங்கும் கால்கள் எல்லாம் தொட்டிச் சட்டத்திலேயே நிற்க வேண்டும். கேபினுக்கு மேல் நீளும் பகுதி கூரையைத் தொடாமல், இடைவெளி விட்டு நிற்பதே முறை.

பொருத்தும் முறை

கால்களுக்கு 8.8 தர போல்ட்டும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடுவார்கள். தகட்டின் அடியில் அகலமான இரும்புப் பட்டை வைத்தால் அழுத்தம் ஒரே இடத்தில் குவியாது. துளையிட்ட விளிம்புக்கு உடனே ரெட் ஆக்ஸைடு பூசாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்கக் கூடாது; சூட்டில் இரும்பின் வலு குறையும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளின் எஞ்சினை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. வெல்டிங் மின்சாரம் அதைக் கெடுத்துவிடாதிருக்க, வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

சுமையும் கட்டும்

மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. திருப்பத்தில் கவிழும் ஆபத்து கூடுகிறது. கனமானது தொட்டியிலும் நீளமானது மேலேயும் இருக்க வேண்டும். கேரியரின் சொந்த எடையும் சுமைக் கணக்கில் சேரும். வேகம் 40இலிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; டீசலும் அதற்கேற்பச் செலவாகும்.

சுமையைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை, திடீர் பிரேக்கில் சுமை தன் எடையில் 80 விழுக்காட்டு விசையோடு முன்னால் தள்ளும் என்று கணக்கிடுகிறது. அதாவது 100 கிலோ குழாய்க் கட்டு 80 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னே பாயும். மழமழப்பான பி.வி.சி. குழாயைக் குறுக்குக் கயிறு மட்டும் பிடிக்காது. முன்பக்கம் தடுப்புக் கம்பியும், ராட்செட் பெல்ட்டும் வேண்டும்.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதி 93இன்படி, சுமை வண்டியின் முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதை மீறினால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பொலேரோ பிக்கப்பின் மொத்த நீளமே சுமார் 5 மீட்டர்; 20 அடிக் குழாய் 6 மீட்டர். எவ்வளவு உறுதியான கேரியர் மாட்டினாலும் முழுக் குழாய் விதிக்குள் வராது. அதற்கு நீளமான வண்டிதான் வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் வரையறையிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கலாகலாம் என்பதால், பட்டறைக்குப் போகும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது.