தேசியக் காவற்படையின் போதைப்பொருள் தடுப்புப் பணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலந்தோறும் உள்ள சேமப்படையாகிய தேசியக் காவற்படை, போதைப்பொருள் கடத்துவோரைப் பிடிக்க முயலும் உள்ளூர்ப் போலீசாருக்கு ஹெலிகாப்டர், நுண்கருவி, தகவல் ஆராய்ச்சி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றால் துணைபுரியும் ஏற்பாடு இது. மத்திய இராணுவம் உள்நாட்டில் போலீஸ் வேலை பார்க்கலாகாதென்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்க, கவர்னரின் ஆணைக்கு உட்பட்டிருக்கும் வரையில் காவற்படையை அத்தடை கட்டுப்படுத்தாது.

1977-இல் ஹவாய்த் தீவுகளில் கஞ்சாப் பயிரை அழிக்கச் சென்ற போலீசாரை ஏற்றிச் சென்றதில் தொடங்கிய இப்பணிக்கு, 1988-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் மத்திய அரசின் திரவிய சகாயம் கிட்டியது. கவர்னர் அனுப்பும் திட்டம் மாநிலச் சட்டத்துக்கு இசைந்ததென அம்மாநில அட்டர்னி ஜெனரல் சான்றளித்து, பாதுகாப்பு மந்திரியும் பரிசீலித்த பின்னரே பணம் வரும். கைதும் சோதனையும் போலீசாரின் பொறுப்பாகவே விடப்பட்டிருப்பது, என் கருத்தில், இவ்வேற்பாட்டின் தலையாய சிறப்பு.

எனினும் வெறும் பார்வையும் எல்லை கடக்கக்கூடும். 1992 ஜனவரியில், ஓரிகன் மாநிலத்து ஃபிளாரன்ஸ் நகரில், விடியுமுன் மூன்று மணி கடந்த வேளையில், தெருவில் நின்ற மோட்டாரில் அமர்ந்தபடியே காவற்படை ஸார்ஜண்டு ஒருவர் உஷ்ணத்தைப் படமாகக் காட்டும் கருவியை ஒரு வீட்டின்மேல் திருப்ப, மோட்டார்க் கொட்டகையின் கூரையும் பக்கச் சுவரொன்றும் மற்றப் பகுதிகளினும் மிகச் சூடாயிருப்பது சில நிமிஷங்களில் புலப்பட்டது. அதையும் ஓர் ஆதாரமாகக் காட்டி வாரண்டு பெற்று உள்ளே புகுந்த அதிகாரிகள், விளக்கொளியில் 100-க்கு மேற்பட்ட கஞ்சாச் செடிகள் வளர்ந்திருக்கக் கண்டனர். செடிகள் இருந்தது மெய்தான். ஆயினும் பொதுஜன உபயோகத்தில் இல்லாத கருவியால் வீட்டின் அந்தரங்கத்தை அறிவதும் சோதனையே, வாரண்டின்றி அது கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வராய்த் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. போதைப்பொருளின் கேட்டை நன்கறிந்தவரும் இத்தீர்ப்பை வரவேற்கவே வேண்டும். வீட்டுக்குள் வாழும் குற்றமற்றோருக்கும் அது காப்பு.

காவற்படையன்றி மத்திய இராணுவமே எல்லையில் ஆயுதத்தோடு நின்றபோது நேர்ந்தது இன்னும் கொடியது. 1997 மே 20 அன்று டெக்ஸாஸ் மாநிலத்து ரெட்ஃபோர்டு கிராமத்தருகே, கடத்தலைக் கண்காணிக்க மறைந்திருந்த மரீன் வீரர்களுள் ஒருவர் சுட்டதில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞன் உயிரிழந்தான். அதன்பின் எல்லைப்புறத்தில் சிப்பாய்களின் ஆயுதந்தாங்கிய தரைக் கண்காணிப்பைப் பாதுகாப்பு இலாகா நிறுத்திவைத்தது.