வீட்டில் கட்டும் சிறு விமானத்தின் எரிபொருள் குழாய் அமைப்பு

தொழிற்சாலையில் அல்லாமல் தனி ஒருவர் தம் உழைப்பில் கட்டும் சிறு விமானத்தில், தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசெல்லும் குழாய், வால்வு, வடிகட்டி, பம்ப், காற்றுத்துளை ஆகியவற்றின் தொகுதி. இந்தியாவில் இந்த வேலையில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், சிம்சன் பட்டறையின் துணையுடன் 1910-லேயே ஒரு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டார். மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு 2019-இல் பறக்கும் அனுமதி கிடைத்தது.

குழாய்க்குப் பெரும்பாலும் மென்மையான 5052 ரக அலுமினியமே எடுக்கப்படுகிறது. வெளிவிட்டம் எட்டில் மூன்று அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.5 மி.மீ. இணைப்பில் குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்குவார்கள். கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் ஏசி மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்கு வைத்திருக்கும் கருவி 45 பாகையில் விரிக்கும். விமானப் பொருத்திகளின் கோணம் 37 பாகை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், நட்டும் இறுகிவிடும். ஆனால் கூம்பு முழுதாகப் படியாமல் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தாங்குவதால், எஞ்சின் அதிர்வில் விரிசல் விழும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கைதேர்ந்த கடைசல்காரர் கிடைப்பார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்த 37-ஐத்தான். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்புக்கு இங்கே இடமில்லை. அதன் இழை பிய்ந்து கார்புரேட்டரில் போய் அடைக்கும்.

எஞ்சின் அறையையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துச் செல்லும் பொருத்தி எஃகாக இருப்பது நல்லது; அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். சுவருக்கு அப்பால் வளையும் ஹோஸும் அதன்மேல் தீக்காப்பு உறையும் போடப்படும்.

ஒழுகாத குழாய் அமைப்பதில் கட்டுபவர்கள் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் காற்றுக்கும் ஆவிக்கும் கொடுப்பதில்லை. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குத் தொட்டிக்குள் காற்று வந்தாக வேண்டும். நிறுத்திவைத்த விமானத்தின் காற்றுத்துளையில் குளவி மண் வைத்து அடைத்தால், ஒழுகாத தொட்டியிலிருந்தும் பெட்ரோல் வராது. அடுத்தது வெயில். சென்னையின் மே மாதத்தில் எஞ்சின் மூடிக்குள் தேங்கும் சூட்டில் பெட்ரோல் குமிழிட்டு ஆவியாகும். பம்ப் மேலிருந்து உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து ஆவி இன்னும் எளிதில் பிறக்கும். ஆகவே மின் பம்பைத் தொட்டிக்கு அருகே, தாழ்வான இடத்தில் வைத்து, பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளச் செய்கிறார்கள். ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு, ஆவியை வெளியேற்றுவதற்கென்றே தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாய் ஒன்றும் உண்டு.

எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்று தேரும் வால்வு, விமானியின் கையும் கண்ணும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இறக்கை கீழே அமைந்த விமானத்தில் இரு தொட்டிகளையும் சேர்த்துத் திறக்கும் நிலை கூடாது; ஒன்று வற்றியதும் பம்ப் அதிலிருந்து காற்றை உறிஞ்சும். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈசி, வீட்டில் கட்டுவோரிடையே புகழ்பெற்றது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் 1980-களில் கட்டிய சோதனை விமானமும் அதன் வழிவந்ததே. லாங்-ஈசியின் வரைபடப்படி வால்வு விமானியின் கால்களுக்கு இடையே வரும். ஒருவர் அதை இடத் தோளுக்குப் பின்னால் மாற்றிவைத்துக் கட்டினார். பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. 1997 அக்டோபர் 12 அன்று அந்த விமானத்தை ஓட்டிய பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் விழுந்து இறந்தார். வால்வைத் திருப்ப உடலை முறுக்கியபோது தம்மை அறியாமல் வலக் கால் மிதியை அழுத்தியிருக்கிறார் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். வால்வில் குறியீடும் இல்லை. அந்தக் குழாய்கள் எதுவும் ஒழுகியதாகப் புகார் இல்லை.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் பெட்ரோலிலேயே இருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ரோடாக்ஸ் 912-க்கு 10 வரைதான் அனுமதி. எத்தனால் சில ரப்பர்களையும் கண்ணாடியிழைத் தொட்டியின் பிசினையும் இளக்கும், மழைக்கால ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவுக் குடுவையில் பெட்ரோலுடன் சிறிது தண்ணீர் கலந்து குலுக்கி வைத்தால், எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து, அடியில் தெரியும் தண்ணீர்க் கோடு உயரும். விமான பெட்ரோலான 100எல்எல்-ஐ இந்தியன் ஆயில் 2022-இல் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. எதை ஊற்றினாலும் தண்ணீரையும் தூசியையும் பிடிக்க அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் கொண்ட கிண்ணம் வேண்டும். பறக்கும் முன் அதைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

முதல் பறப்புக்கு முன் எரிபொருள் ஓட்டச் சோதனை செய்ய வேண்டும். 2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆவணத்தோடு கேட்கப் பரிந்துரைத்தது. ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, தொட்டியில் குறைந்த அளவு ஊற்றி, எஞ்சின் முனையில் குழாயைக் கழற்றி அளவுக் கலத்தில் பிடிப்பார்கள். முழு விசையில் எஞ்சின் குடிக்கும் அளவில், பம்ப் உள்ள அமைப்பில் 125 விழுக்காடும், தானே வழியும் அமைப்பில் 150 விழுக்காடும் வர வேண்டும். மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் பம்ப் வழியே ஏறத்தாழ 34 லிட்டர். ஓட்டம் அறுந்தபின் தொட்டியில் தங்குவது பறக்க உதவாத பெட்ரோல். அளவுமானியில் சுழியத்தை அந்த மட்டத்தில்தான் குறிக்க வேண்டும்.