முதல்ல டாம்செல் போடுங்க

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போனப்போ, கடைக்காரர் சொன்ன முதல் யோசனை இதுதான்: "முதல்ல டாம்செல் மூணு போடுங்க சார். செத்தாலும் பெரிய நஷ்டமில்ல. தாங்கிடுச்சுன்னா தண்ணி ரெடி."

போட்டேன். பத்தே நாளில் இரண்டு செத்துப் போச்சு. இந்த வழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படித்தேன்.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அதில் முக்கியப் பங்கு ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளருக்கு. கடற்பாசி ஆக்ஸிஜன் கொடுக்கும், உயிர்கள் அதை வாங்கிக்கொள்ளும். இரண்டும் சமமாக இருந்தால் தண்ணீர் கெடாது என்பது அன்றைய நம்பிக்கை. கணக்கில் வராமல் போனது கழிவு. மீன் வெளியேற்றும் அம்மோனியா அதன் செவுளையே அரித்துவிடும்.

அந்தப் புதிரை 1890 வாக்கில் அவிழ்த்தவர் மீன் வளர்த்தவர் இல்லை. மண்ணை ஆராய்ந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவதை அவர் காட்டினார். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான்; நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குத் தீனியாக அம்மோனியா வேண்டும். அதைத் தர ஒரு மீன் வேண்டும். விலை மலிவு, உடம்பு கெட்டி: வேலை டாம்செல் தலையில் விழுந்தது.

வேறு வழியே இல்லாமலும் இல்லை. இந்தோனேசியாவின் லீ சின் எங், பவளத்திட்டுப் பாறைகளை உயிரோட்டம் மாறாமல் தொட்டியில் வைக்கும் முறையை 1961லேயே எழுதிவிட்டார். பாறையோடு பாக்டீரியாவும் வந்துவிடும். ஆனாலும் டாம்செல் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

என் தொட்டியில் பிழைத்த மூன்றாவது, பிறகு விட்ட எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. "டாம்செல்னா ரவுடி"ன்னு சொல்வாங்க. பவளத்திட்டில் தன் எல்லையைக் காத்து வாழும் மீன் அது. தொட்டிக்கு முதல் ஆளாக அனுப்பினால் முழுத் தொட்டியும் அதன் எல்லைதானே? குணம் அதனுடையது; குடியேற்றிய வரிசை நம்முடையது.

நம்ம மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சில டாம்செல் இனங்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். முட்டைகளுக்கு ஆண் மீன் காவல் நின்று, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிந்த குஞ்சின் வாய் அவ்வளவு சின்னது. அதுக்கேற்ற நுண்ணுயிர் தீனி கொடுத்து வளர்ப்பதே பெரும்பாடு. "செத்தாலும் நஷ்டமில்ல" என்று எனக்கு விற்ற மீன் இது.

இப்போது மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியா சொட்டுவிட்டோ ஓர் இறால் துண்டு போட்டோ இதே வேலையை முடிக்கலாம். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பொறுத்தால் போதும். என் அடுத்த தொட்டி ஆறு வாரம் வெறும் தண்ணீராகத்தான் நின்றது. பார்த்தவங்க எல்லாரும் "மீன் எங்கே?"ன்னு கேட்டாங்க.

டாம்செல் கடைசியாகத்தான் போனது.