அகதிகளின் பெயரால் ஆயிரம் கோடி டொலர்

சோவியத் ஒன்றியத்தின் வாயிற்கதவுகள் திறக்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேறிய யூதர்களில் பெரும்பாலானவர்கள் செல்லவிரும்பிய நாடு அமெரிக்காவே. ஆனால், 1989 ஒக்டோபரில் வாஷிங்டன் அதன் அனுமதி விதிகளை இறுக்கி, சோவியத் அகதிகளுக்கான வருடாந்த எண்ணிக்கையை 50 ஆயிரமாக மட்டுப்படுத்தியது. அதையடுத்து அந்த அலை இஸ்ரேலை நோக்கித் திரும்பியது. 1990, 1991 ஆகிய இரு வருடங்களில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சோவியத் யூதர்கள் அங்கு சென்றனர். அன்று இஸ்ரேலின் சனத்தொகை 50 இலட்சத்துக்கும் குறைவு என்பதை நினைவிற்கொண்டால் அந்தச் சுமையின் பரிமாணம் விளங்கும்.

வீடுகளையும் தொழில்களையும் உருவாக்க 1991 செப்டெம்பரில் பிரதமர் இட்சாக் ஷமீரின் அரசாங்கம் அமெரிக்காவிடம் ஐந்து வருடங்களில் 1000 கோடி டொலர் கடனுக்கான உத்தரவாதத்தைக் கோரியது. இது நன்கொடை அல்ல. இஸ்ரேல் சந்தையில் கடன்பெறும். திருப்பிச் செலுத்தத் தவறினால் அமெரிக்கா பொறுப்பேற்கும். அந்தப் பிணையினால் வட்டி குறையும்.

அதேவேளை, வீடமைப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன் ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக்கரையில் குடியேற்றங்களைத் தீவிரமாக விஸ்தரித்துக்கொண்டிருந்தார். சோவியத் குடியேற்றவாசிகளில் மிகச்சிலரே அங்கு சென்றனர் என்பது உண்மை. ஆனால், பணத்துக்கு அடையாளக்குறி கிடையாது. அகதிகளின் வீட்டுக்குக் கடன் கிடைத்தால், அதற்கென ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய சொந்தப் பணம் குடியேற்றத்துக்குத் திரும்பும். இந்த எளிய கணக்கே முழுச் சர்ச்சைக்கும் மூலகாரணம்.

மட்ரிட் சமாதான மகாநாட்டுக்கான முயற்சியில் ஈடுபட்டிருந்த ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கோரிக்கையின் பரிசீலனையை 120 நாட்கள் ஒத்திவைக்குமாறு காங்கிரஸைக் கேட்டார். செப்டெம்பர் 12 செய்தியாளர் மகாநாட்டில், தனக்கெதிராகச் சுமார் ஆயிரம் பேர் காங்கிரஸில் ஆதரவு திரட்டிக்கொண்டிருப்பதாக அவர் வெளிப்படையாகவே கூறினார். 1992 பெப்ரவரியில் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கர் குடியேற்றங்களை நிறுத்துவதே நிபந்தனை என்று அறிவித்தார். ஷமீர் இணங்கவில்லை. அந்த வருடம் ஜூன் தேர்தலில் அவர் தோல்விகண்டார்.

புதிய பிரதமர் இட்சாக் ராபினுக்கு ஆகஸ்டில் புஷ் சம்மதம் தெரிவித்தார்; ஒக்டோபரில் காங்கிரஸ் அங்கீகரித்தது. குடியேற்றங்களுக்குச் செலவிடப்படும் தொகையை உத்தரவாதத்திலிருந்து கழிக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. ஆனால், ஏற்கெனவே கட்டப்பட்டுக்கொண்டிருந்த சுமார் 11 ஆயிரம் வீடுகளைப் பூர்த்திசெய்ய ராபின் அனுமதித்தார். நிபந்தனை அவ்வாறு தண்டமாகச் சுருங்கியது. தண்டத்தைச் செலுத்தத் தயாரானவர் தொடர்ந்து கட்டலாம்.

வெளிநாட்டு உதவியை நிபந்தனையுடன் வழங்கினால் அரசுகளை வழிக்குக் கொண்டுவரலாம் என்று வாதிடுபவர்களுக்கு இந்த அத்தியாயத்தையே நான் உதாரணமாகக் காட்டுவதுண்டு. நிபந்தனை ஒரு அரசாங்கத்தை நெருக்கடிக்குள்ளாக்கியது, உண்மை. ஆனால், அன்று மேற்குக்கரையில் சுமார் ஒரு இலட்சமாக இருந்த குடியேறிகளின் எண்ணிக்கை, கிழக்கு ஜெரூசலம் நீங்கலாகவே, இன்று ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

புகலிடம் தேடிவந்தவர்களின் தேவை மெய்யானது. அந்தத் தேவையைச் சுற்றி இரு அரசாங்கங்கள் பேரம் பேசின. எவரின் நிலத்தைப் பற்றிய பேரமோ, அந்தப் பாலஸ்தீனர்களுக்கு அந்த மேசையில் ஆசனம் இருக்கவில்லை.