ஓரிடத்தில் விதைக்கிறார்கள், ஓரிடத்தில் பிடுங்குகிறார்கள்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி, சாலையோரப் புல்லில் பூத்திருந்த ஊதாப்பூ ஒன்றைப் படமெடுத்து அனுப்பி, "இது முள்ளுச்செடியா சார், பிடுங்கிடலாமா?" என்று கேட்டிருந்தாள். அதன் பெயர் நாப்வீட். பிடுங்கலாமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடையாளம். தூரத்தில் பார்த்தால் முள்ளுச்செடி மாதிரிதான் இருக்கும். தொட்டால் முள் குத்தாது. பூவுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் கெட்டியான குமிழ் ஒன்று உண்டு. அதைச் சுற்றிச் செதில்கள் அடுக்கியிருக்கும். செதில் நுனியில் சீப்புப் பல் போல் கருப்பு இழைகள் தெரிந்தால் அது சாதாரண நாப்வீட். இலை ஆழமாகக் கிழிந்தும் பூ பெரிதாகவும் இருந்தால் பெரிய நாப்வீட். இரண்டும் பல்லாண்டுச் செடிகள். மேலே அறுத்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் நாட்டில் எண்ணெய்க்குப் பயிரிடும் குசும்பா இதற்கு நெருங்கிய சொந்தம். தாவரவியலில் இந்தப் பேரினத்துக்குச் சென்டோரியா என்று பெயர். கிரேக்கக் கதைகளில் பாதி மனிதன், பாதி குதிரையாக வரும் சென்டார் இனத்திலிருந்து வந்த பெயர். அந்த இனத்துக் கைரோன்தான் அக்கிலீசின் குரு. ஒரு வாத்தியாரின் வாசம் இந்தச் செடியில் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!

இனி வரலாறு. இங்கிலாந்து விவசாயிகள் மாட்டின் குளிர்காலத் தீவனத்துக்காகப் புல்வெளிகளைத் தனியே விட்டு வைத்திருந்தார்கள். வசந்தத்தில் மாட்டை உள்ளே விடமாட்டார்கள். கோடையில் ஒருமுறை அறுத்துக் காயவைப்பார்கள். பிறகு மாடு மேயும். உரம் அதிகம் போடாத அந்த நிலத்தில் புல் அடர்ந்து வளராது. அந்த இடைவெளியில்தான் நாப்வீட் போன்றவை நூற்றாண்டுகளாகப் பிழைத்தன.

1939-இல் போர் நெருங்கியது. உணவில் பெரும்பகுதி கப்பலில் வந்த நாடு அது. புல்வெளியை உழுது பயிரிட்டால் ஏக்கருக்கு 2 பவுண்டு என்று அரசு அறிவித்தது. பசிக்கு முன் பூவைப் பார்க்க முடியாது, அது சரிதான். ஆனால் போர் முடிந்த பின்னும் உழவு நிற்கவில்லை. ரசாயன உரம் வந்தது, வேகமாக வளரும் ரை புல் வந்தது. 1930-களுக்கும் 1980-களுக்கும் இடையில் பழைய பூப்புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்தது. நூற்றுக்கு மூன்றுதான் மிச்சம்!

இப்போது திரும்ப விதைக்கிறார்கள். 2013-இல் இளவரசர் சார்லஸ் முன்னின்று 'முடிசூட்டுப் புல்வெளிகள்' திட்டத்தைத் தொடங்கினார். எஞ்சிய பழைய வெளியில் விதை முற்றும் நேரம் பார்த்துப் புல்லை அறுத்து, உடனே கொண்டுபோய்ப் புது நிலத்தில் பரப்புவது வழக்கமான முறை. வீட்டில் வளர்ப்பதானாலும் விதி இதுதான்: எரு போடாதீர்கள். வளமான மண்ணில் புல் ஜெயித்துவிடும். இலையுதிர் காலத்தில் விதைத்தால் முதல் வருடம் பெரும்பாலும் இலைதான். பூவுக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பூ முடிந்ததும் தலையை வெட்டிவிடாதீர்கள், கோல்ட்ஃபின்ச் குருவிகள் அந்த விதைக்கு வரும்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதையே வேறு. இதன் சகோதர இனமான புள்ளி நாப்வீட், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போனது. குதிரைமசால் விதையில் கலந்தும், கப்பலில் பாரத்துக்காக ஏற்றிய மண்ணோடும் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். மொண்டானாவின் மேய்ச்சல் நிலங்களில் அது பெருகியது. கசப்பு என்பதால் மாடு அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லை மேயும். எது மிஞ்சும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் பார்த்தீனியமும் இதே குடும்பம், இதே குணம். வேரிலிருந்து விஷம் சுரந்து மற்றச் செடிகளைக் கொல்கிறது என்று 2003-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை பரபரப்பாக வந்தது. 2010-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அதை அடக்க 1970-களில் ஐரோப்பிய ஈக்களை வரவழைத்து விட்டார்கள். ஈ பூத்தலையில் முட்டையிடும், விதை குறையும் என்பது கணக்கு. விதை குறைந்தது. ஆனால் குமிழுக்குள் இருந்த புழுக்கள் மான் எலிகளுக்குக் குளிர்காலத் தீனியாகிவிட்டன. எலிகள் பெருகின, அவற்றோடு அவை சுமக்கும் ஹன்டா வைரசும் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

மிச்சிகனில் தேனீ வளர்ப்பவர்கள் மட்டும் வேறு கட்சி. அங்கே கோடைத் தேனுக்கு இந்தப் பூதான் பெரிய ஆதாரம். அழிக்கப் பூச்சிகளை விட்டபோது எதிர்ப்புத் தெரிவித்ததும் அவர்கள்தான். ஆனால் விற்கும் புட்டியில் நாப்வீட் என்று எழுதுவதில்லை, 'ஸ்டார் திசில் தேன்' என்றுதான் ஒட்டுகிறார்கள்.